உலகத்துக்கெல்லாம் இன்று லீவு

கருமத்தம்பட்டியில் எங்கள் கம்பெனி வேன் நின்றதும் முதலில் ஒரு டிபன் கூடை உள்ளே வரும். பிறகு ஒரு குடை. அதற்குப் பிறகுதான் அக்கா ஏறுவார். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, செல்போனை எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கேட்பார்.

"ஏனுங்க, இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமுங்களா?"

யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டோம். அவர் வாயால் கேட்பதில்தான் ருசி.

"ஒட்டகச்சிவிங்கி நாளுங்க. ஒலகம் பூரா கொண்டாடறாங்களாமுங்க."

"அதுக்கு லீவு உண்டுங்களா அம்மணி?" என்று டிரைவரண்ணன் கண்ணாடி வழியாகக் கேட்பார்.

"ஒட்டகச்சிவிங்கிக்கு உண்டுங்க. நமக்குத்தான் இல்லீங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். எங்கோ ஒரு ஊரில் ஆட்டை மேயராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு கம்பெனியில் காதல் முறிந்தவர்களுக்குத் தனி லீவு தருகிறார்கள். தூங்குவதற்கு ஒரு நாட்டில் போட்டி வைக்கிறார்கள், பாதியில் விழித்துக்கொண்டவர் அவுட். பிறகு சினிமா. யாருக்கு முட்டி வலி, யார் படம் ஓடவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை. வேன் அவிநாசியைத் தாண்டும்போது உலகத்தில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் பாக்கி இருக்காது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் வீட்டில் யாராவது படித்துவிடலாம். இந்த ஜாக்கிரதை அன்றே இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நான் சிங்காநல்லூரில் காலை ஆறரைக்கு ஏறுவேன். பெருந்துறை தொழிற்பேட்டையில் எங்கள் ஆயத்த ஆடைக் கம்பெனி. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுவது என் வேலை. அக்கா செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளர். தைத்து வரும் சட்டையில் ஒரு நூல் தள்ளிப் போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வேனில் மொத்தம் பன்னிரண்டு பெண்கள். ஏசி வண்டி என்பதால் ஜன்னல் திறக்காது, ஏசியும் ஓடாது. பன்னிரண்டு டிபன் பாக்ஸ் சாம்பாரும் சேர்ந்து ஒரு வாசனை வரும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஆறு வருஷம் அப்படிப் போனேன். ஆயுள் தண்டனைக் கைதிக்குக்கூட வாரம் ஒருமுறை கறிச்சோறு உண்டாம், எனக்கு அதுவும் இல்லை என்று வீட்டில் புலம்புவேன். அக்கா மட்டும் இல்லாவிட்டால் முதல் மாதமே வேலையை விட்டிருப்பேன்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. 'நான்' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் கண்ணெல்லாம் சிவந்து, போர்த்திக்கொண்டு ஏறினார். "காய்ச்சலுங்களாக்கா?" என்று கேட்டேன். செல்போனைப் பார்த்தார்.

"இந்த சீசன்ல வேலைக்குப் போற பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல காய்ச்சலோடதான் போறாங்களாமுங்க. ஒரு ஆய்வு சொல்லுது."

"அக்கா, உங்களுக்குக் காய்ச்சலான்னு கேட்டேன்."

"அதான் கண்ணு சொல்லுது. பாதிக்கு மேலன்னு."

எல்லாவற்றுக்கும் ஒரு ஆய்வு வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியில் முகம் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நன்றாகச் சமைப்பவர்களுக்குத் தன் சமையல் பிடிப்பதில்லை. ஒருமுறை ஜப்பானில் பெண்களிடம் மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டார்களாம். "ஓடற வண்டின்னாங்களாமுங்க. ஓடற வண்டியில வந்து யாரும் தண்ணி கேக்க முடியாதில்லீங்களா." நாங்கள் சிரித்தோம். வேனைச் சிறை என்று திட்டும் நான், ஜப்பான்காரிகளுக்குப் புத்தி கிடையாது என்று கூடச் சொன்னேன்.

செங்கப்பள்ளி அருகே ஒருநாள் டிரைவரண்ணன் பிரேக் அடித்தார். பின் சீட்டிலிருந்த நான் அக்காவின் தோள்மேல் போய் விழுந்தேன். அவர் கையிலிருந்த செல்போன் என் கண்ணுக்கு நேராக இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. என் முகம்தான் அதில் தெரிந்தது. செய்தி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஐஸ்லாந்துல ஒரு பொம்பளைங்க. கண்ணாலமாகி வந்ததுல இருந்து ஒரு ராத்திரிகூட வெளிய தங்குனதில்லையாமுங்க. ஊட்டுக்காரரு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையாமா. அந்தம்மா கெளம்பற அன்னைக்குப் பாத்து அவருக்கு நெஞ்சு படபடன்னு வருமாமுங்க."

"ஐஸ்லாந்துல தறி ஓடுமுங்களாக்கா?" என்று அக்கா வீட்டுத் தறியை நினைத்து யாரோ கேலிக்குக் கேட்டார்கள்.

"தறி எங்கதானுங்க ஓடல."

அன்றிலிருந்து நான் அவருடைய செய்திகளைப் பிரிக்கப் பழகிக்கொண்டேன். ஆட்டு மேயர் உண்மையான செய்தி. ஒட்டகச்சிவிங்கி நாளும் உண்மை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பொம்பளை என்று தொடங்கினால் அது அக்கா. நார்வேயிலும் பெருவிலும் அவர் ஒருத்திதான் குடியிருந்தார். எனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கறுப்புத் திரையைப் பிடுங்கிவிட்டால் அவரால் பேசவே முடியாது என்று பட்டது.

அவர் கணவரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டையொட்டி எட்டுத் தறி போட்டிருந்தார். மாலையில் வேன் கருமத்தம்பட்டி வரும்போது மழையானாலும் வெயிலானாலும் பைக்கோடு நிற்பார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. வண்டி பத்து நிமிஷம் தாமதமானால் எனக்குப் போன் வரும், வேன் லிஸ்ட் என் பொறுப்பு என்பதால் என் நம்பர் அவரிடம் இருந்தது. "ஏனுங்க அம்மணி, தொந்தரவு பண்றனுங்க. வண்டி எங்கீங்க வருது?" அவ்வளவு மரியாதை. கொடுத்து வைத்தவர் அக்கா என்று வேனில் பேசிக்கொள்வோம்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை கன்னியாகுமரிக்கோ ராமேஸ்வரத்துக்கோ இரண்டு நாள் சுற்றுலா. அக்கா கடல் பார்த்ததில்லை. இதையும் அவர் சொல்லவில்லை, பொலிவியாவில் ஒரு பொம்பளை கடலையே பார்க்காமல் அதன் சத்தத்தை மட்டும் செல்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம் என்றார். இரண்டு வருஷம் பெயர் கொடுத்தார், இரண்டு வருஷமும் வரவில்லை. இரண்டு முறையும் அவர் ஊரில் மாரியம்மன் நோம்பி. எங்கள் பக்கத்தில் திருவிழாவை நோம்பி என்றுதான் சொல்லுவோம். சாட்டு, அதாவது நோம்பி நாள், அறிவித்துக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், நோம்பி முடிகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. தங்கினால் ஊருக்கே ஆகாது என்பார்கள்.

மூன்றாவது வருஷமும் சுற்றுலாத் தேதியிலேயே சாட்டு வந்து விழுந்தது. "அதெப்படீங்க்கா வருஷா வருஷம்?" என்று கேட்டேன்.

அக்கா செல்போனை எடுத்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஒரு நாட்டுல ஒருத்தர் கோயில் கமிட்டில இருக்கறாராமா கண்ணு. நாள் குறிக்கற கூட்டத்துக்குப் போறதுக்கு முந்தி, ஊட்டுக்காரிகிட்ட கேப்பாராம். உங்க டூர் எப்பீங்கன்னு. அந்தம்மாவும் பெருமையா தேதி சொல்லுமாமா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதர் அம்மனையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறார். உலகத்தில் ஒட்டகச்சிவிங்கிக்குக்கூட ஒரு நாள் இருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு ஒன்று கிடையாதா? அந்தக் கோபத்தில்தான் யோசனை வந்தது. இராத்தங்கத்தானே கூடாது, பகலில் போய்விட்டு வந்தால் கம்பம் என்ன செய்யும்? கேரளாப் பக்கம் சாவக்காட்டுக் கடற்கரைக்கு நாலு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்துக்குக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். டிரைவரண்ணன் சரி என்றார். எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள்.

அக்கா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இறங்கும்போது, "ஞாயித்துக்கெழமை வேலை பாக்கறவிங்க கூடிப்போட்டாங்களாமுங்க. ஆய்வுல வந்திருக்குது" என்றார். வீட்டில் ஷிப்ட் என்று சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

அந்த ஞாயிறு விடியும் முன்பே அவர் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரத்தலையோடு வேன் ஏறினார். டிபன் கூடையும் குடையும் வழக்கம்போல வந்தன. வாளையாறு தாண்டும்வரை செய்தி வாசித்தார். பாலக்காட்டுக்கு அப்புறம் பேச்சு நின்றுவிட்டது.

கடற்கரையில் நாங்கள் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினோம். அக்கா மணலில் குடையோடு நின்றார். இழுத்துக்கொண்டு போனேன். முழங்கால்வரை நனைந்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், கறை பட்டால் வீட்டில் தெரிந்துவிடுமாம். ஒரு அலை வந்து மோதியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். சந்தோஷமா துக்கமா என்று கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மணி என்னாச்சு கண்ணு?" என்று கேட்டார். அதிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதையேதான் கேட்டார். கடலுக்கு முன்னால் நின்றும் அவர் கருமத்தம்பட்டியிலேயே இருந்தார். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வழியில் அங்கங்கே நின்று நேரத்தைப் போக்கி, ஷிப்ட் முடிகிற கணக்குக்குப் பொழுதோட ஆறு மணிக்கு அவரை இறக்கிவிட்டோம். கணவர் பைக்கோடு நின்றார். "ஞாயித்துக்கெழமையும் வேலைங்களா அம்மணி, பாவமுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த குஷியில் நான் ஒரு காரியம் செய்தேன். அக்கா அலைக்கு முன்னால் குடையோடு நிற்கும் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'இன்று எங்கள் அக்கா நாள்' என்று கீழே எழுதினேன். அவருடைய பாணியில் எழுதிவிட்டேன் என்று எனக்கே என் மேல் பெருமை. என் நம்பர் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. காலையில் எழுந்து யாரெல்லாம் பார்த்தார்கள் என்று எடுத்தபோது அந்தப் பட்டியலில் அவர் கணவர் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை கருமத்தம்பட்டியில் வேன் நின்றது. கூடை வரவில்லை. டிரைவரண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எடுத்தார். ஒரு வாரம் அப்படியே போனது. அவர் செல்போன் அணைந்து கிடந்தது. என்ன நாள் என்று தெரியாமலே நாட்கள் போயின.

அடுத்த ஞாயிறு நான் அவர் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. கணவர் வாசலுக்கு வந்து வரவேற்றார்.

"வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. உக்காருங்க, மோர் குடிங்க."

தப்பு என்னுடையது, நான்தான் அக்காவை வற்புறுத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கடலு பாக்கோணும்னா எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பனுங்க. வேலைக்குப் போவேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னனுங்களா? நெஞ்சு வலிக்குதுன்னு மட்டுந்தானுங்க சொன்னேன். அவளேதான் நின்னுக்கிட்டா. வேணும்னா கூப்புட்டுக் கேளுங்க."

குரல் ஒரு இழை உயரவில்லை. சண்டை போட வந்தவள் நான், சண்டை போட அங்கே ஆளே இல்லை. அக்கா மோர் கொண்டுவந்தார். ஒரு வாரத்தில் முகம் சுருங்கியிருந்தது. தறிச் சத்தத்தில் கணவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் டம்ளரை நீட்டியபடி என் காதருகே குனிந்தார். நான் ஆய்வுக்காகக் காத்திருந்தேன்.

"எனக்கு அந்த வண்டி வேணும் கண்ணு" என்றார்.

ஆறு வருஷத்தில் முதல் தடவை. ஜப்பான்காரி யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சிறை என்று திட்டிய அந்த வேன்தான் அவருடைய ஒரே சொந்த இடம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், யாரும் அவரிடம் எதுவும் கேட்க முடியாத இடம். அவருக்குக் கடல் காட்டுகிறேன் என்று புறப்பட்டு அதைத்தான் நான் பிடுங்கிவிட்டேன்.

அந்த நிமிஷம் வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். வேலையை விடுவதென்றால் கம்பெனியில் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒரு முழு நாள் ஆகும் என்றேன். கணவர் யோசித்தார்.

"சட்டம்னா செரிங்க. நாளைக்கு வரட்டுங்க. பொழுதோட வந்து கூட்டிக்கறனுங்க."

மறுநாள் அக்கா ஏறியதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். "இன்னைக்கு என்ன நாளுங்க அம்மணி?" என்று டிரைவரண்ணனே கேட்டார்.

"போனு ஊட்டுலயே இருக்குதுங்க" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவிநாசியும் பெருமாநல்லூரும் செங்கப்பள்ளியும் ஒவ்வொன்றாகப் போயின. வழியிலிருந்த பெயர்ப்பலகையை எல்லாம் முதல் தடவை பார்ப்பவர் போலப் படித்துக்கொண்டு வந்தார்.

கம்பெனியில் மேலாளரிடம் நான் முன்பே பேசியிருந்தேன். எப்போது வந்தாலும் இடம் உண்டு என்று அவர் அக்காவிடமே சொன்னார். அக்கா தலையாட்டினார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நாள் முழுக்கத் தன் மேசையில் நின்று சட்டைகளைப் பார்த்தார்.

மாலை ஆறரைக்கு வேன் கருமத்தம்பட்டி வந்தது. கணவர் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். டிரைவரண்ணன் கதவைத் திறந்துவிட்டார். கூடை மடியில், குடை கையில். அக்கா எழுந்திருக்கவில்லை.

"நான் எறங்கலீங்க" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. வெளியே இருந்தவருக்கும் கேட்டிருக்கும். அக்கா திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருத்தி செல்போனுக்குள் குனிந்தாள். ஒருத்தி பையில் எதையோ தேடினாள். கண்ணாடியில் தெரிந்த டிரைவரண்ணன் கண்கள் கீழே போயின. கடைசியாக என்னைப் பார்த்தார். போலீஸ் வருமோ, ஊர் என்ன சொல்லும், அம்மா என்ன சொல்லுவாள், நாளைக்கு என் போனுக்கு யார் யார் கூப்பிடுவார்கள் என்று என்னென்னவோ ஓடியது. கோபமாகக் கத்துகிற ஒரு புருஷனாக இருந்திருந்தால் எனக்கும் தைரியம் வந்திருக்குமோ என்னவோ.

வெளியே நின்றவர் சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

"மெதுவாவே எறங்கட்டுங்க. அவசரமில்லீங்க. நான் நிக்கறனுங்க."

வேன் எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அக்கா என் கையை ஒருமுறை தட்டிக் கொடுத்தார், ஏதோ நான்தான் இறங்கப் போவது போல. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவை நான்தான் சாத்தினேன்.

அந்த வேன் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். ஒரு அறை சும்மாதான் கிடந்தது. "வாங்க்கா, நம்மூட்டுக்குப் போலாம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.